தொரைமார் விட்ட மீன்

எங்களிடம் இருக்கும் மீன்பிடிச் சாமான் முழுவதையும் தராசில் போட்டால் அரைக் கிலோவுக்கு வராது. ஐந்தரை அடிக் கோல் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீல் ஒன்று, அதில் நாலு இறாத்தல் தாங்கும் தங்கூசி, சின்ன டப்பா ஒன்றுக்குள் ஆறு ஸ்பின்னர்கள். அல்ட்ரா லைட் என்று இதற்குப் பெயர். எங்கள் மூதூர் நண்பன் முதன்முறை அந்தக் கோலைக் கையில் எடுத்து, நுனியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது மீன் பிடிக்கவா மச்சான், காது குடையவா?" என்று கேட்டான். அவன் அப்படித்தான் கேட்பான். அவனுடைய சாச்சா கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவர். அங்கே ஒரு நாள் பாட்டில் வருவதை இங்கே நாங்கள் ஒரு வருசம் முழுக்கப் பிடித்தாலும் காணாது.

நாங்கள் மூன்று பேர். பேராதனையில் ஒன்றாகப் படித்தோம். ஒருவன் அக்கரபத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ஒருத்தி யாழ்ப்பாணம், விலங்கியல் படித்தவள். மற்றவன் மேலே சொன்ன மூதூர்க்காரன். கோல் யாழ்ப்பாணத்துக்காரியின் மாமாவுடையது. அவர் நோர்வேயில் இருக்கிறார். ஒரு லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோக மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனார். ஆக, ஒரு கோலுக்கு மூன்று பேர். ஆளுக்கு ஐந்து எறி, பிறகு கோல் கை மாற வேண்டும் என்பது சட்டம். ஒருவர் எறியும்போது மற்ற இரண்டு பேருக்கும் தண்ணீரைப் பார்க்கிறதைத் தவிர வேறு வேலை இல்லை. எங்களுக்கு இந்த ஓடையைப் பற்றித் தெரிந்ததில் பாதிக்குமேல் அப்படிச் சும்மா நின்ற நேரத்தில் கண்டதுதான்.

ஓடையின் பெயரைச் சொல்லமாட்டோம். தூண்டில்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். அது அக்ரா ஓயாவில் போய் விழுகிறது என்பதுவரை சொல்லலாம். அக்ரா ஓயா ஹோட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியோடு கலந்து, கடைசியில் மூதூர்க்காரனின் கொட்டியாரக் குடாவில் கடலுக்குள் போகிறது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இதை அவனுக்குச் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்ப நீங்க இங்க துப்புறதெல்லாம் எங்களுக்குத்தான் வருது" என்றான்.

இந்த ஓடையில் நாங்கள் பிடிக்கப் போவது வானவில் ட்ரவுட். இலங்கை மீன் இல்லை. வட அமெரிக்காவில் பசிபிக் பக்கமாக ஓடும் ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்காவும்தான் அதன் சொந்த ஊர். பிரிட்டிஷ்காரர் போன இடமெல்லாம் தங்கள் விளையாட்டையும் கொண்டுபோனார்கள். கிரிக்கெட், குதிரைப் பந்தயம், நரி வேட்டை வரிசையில் ட்ரவுட்டும் ஒன்று. 1864இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்கு ட்ரவுட் முட்டைகள் கப்பலில் போய்ச் சேர்ந்தன. ஈரப் பாசிக்குள் வைத்து, சுற்றிவரப் பனிக்கட்டி அடுக்கி, பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது பலித்தபிறகு மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் ஆசை வந்தது. இலங்கைக்கு 1880களில் முதலில் பழுப்பு ட்ரவுட் வந்தது. அது இங்கே சரியாகத் தரிக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிக் குளிரில் பிடித்துக்கொண்டது. 1896இல் நுவரெலியாவில் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கப்பட்டது. ஓடைகளில் குஞ்சு விடுவதும் அவற்றைப் பராமரிப்பதும் அதன் பிறகு ஒழுங்காக நடந்தது.

எங்களுக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு கணக்கு மனதில் ஓடும். அதே நூற்றாண்டில்தான் எங்கள் தோட்டத்துக்காரனின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். இராமேஸ்வரம் பக்கத்தில் தோணி ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைவரை காட்டுக்குள்ளால் நடை. வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே செத்துப்போனவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. மீன் முட்டைக்குப் பனிக்கட்டிப் பெட்டி. ஆட்களுக்குக் காட்டுப்பாதை. இதை எங்கேயாவது சொன்னால், "எல்லாத்துக்கும் அரசியல் பேசாதீங்க, மீனைப் பிடிச்சமா வந்தமா என்று இருங்க" என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது இயலவில்லை. மீன் எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் அந்தக் கதையும் கூடவே வருகிறது.

தோட்டத்துக்காரனின் தாத்தாவுக்கு எண்பது நெருங்குகிறது. அவருடைய அப்பா பங்களாவில் அப்புவாக இருந்தவர், அதாவது சமையல்காரர். தாத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொரை ஆற்றுக்கு இறங்கும்போது மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற வேலை கிடைத்திருக்கிறது. மீன் எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கும், எந்த நேரத்தில் மேலே வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் தூண்டிலைத் தொட்டதில்லை. "தொட்டா அவ்வளவுதான். அப்பாவுக்குப் பத்துச்சீட்டைக் கையில குடுத்துருவாங்க" என்றார். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியே போ என்று அர்த்தம். வேலையும் போகும், லயத்து வீடும் போகும். மீன் பங்களாவுக்குப் போகும், எலுமிச்சையும் பட்டரும் போட்டு வேகும், வாசனை மட்டும் குசினிக் கதவுவரை வரும். மிச்சம் பூனைக்கு.

அந்தத் தோட்டம் எழுபதுகளில் அரசாங்கத்திடம் போய், தொண்ணூறுகளில் கம்பனியிடம் போய்விட்டது. தொரைமாரும் மாறிவிட்டார்கள். மீன் மட்டும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கித்தான் இறங்குகிறோம். கடிதத்தைப் படித்த உத்தியோகத்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களா? ட்ரவுட்டா?" என்று கேட்டார். ஹோட்டன் சமவெளிக்குள் நாங்கள் தூண்டில் போடுவதே இல்லை. அது தேசியப் பூங்கா. அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி.

இனி சாமான் விசயத்துக்கு வருவோம். பலருக்கு இதில்தான் சந்தேகம்: இரண்டரை கிராம் இரும்பை எப்படிப் பத்து மீட்டருக்கு எறிவது? பழைய மாதிரி ரீலில் முடியாது. அதில் எறியும்போது உருளையே சுற்றவேண்டும். அதைச் சுற்றவைக்கக் கனமான ஈயம் வேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நூற்பாலை வைத்திருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பவர் ஆலையில் நூல் கண்டு ஆடாமல் நிற்க, நூல் மட்டும் அதன் முனைவழியாக நழுவிப் போவதைப் பார்த்து, அதே மாதிரி ஒரு ரீல் செய்து 1905இல் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற ஸ்பின்னிங் ரீலுக்கு அதுதான் மூலம். உருளை அசையாது. தங்கூசி மட்டும் சுருள் சுருளாக உதிர்ந்து போகும். எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் ஒரு கொய்யா இலை பாரம் இருந்தாலும் பறக்கும். தங்கூசி மெல்லியதாக இருக்கவேண்டும். அதனால்தான் நாலு இறாத்தல். இரண்டு கிலோவுக்கும் குறைவான இழுவையில் அறுந்துவிடும் நூல் அது. சாச்சா கேட்டால் சிரிப்பார்.

ஸ்பின்னர் என்பது ஒரு கம்பி, அதில் பித்தளை உடம்பு, பக்கத்தில் தொங்கும் முட்டை வடிவத் தகடு, கீழே முள். இழுத்தால் தண்ணீர் தகட்டை அடித்து அது கம்பியைச் சுற்றிச் சுழலும். எங்களிடம் இருப்பவற்றில் இரண்டு மெப்ஸ். 1938இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பனி, ஆக்லியா என்ற அதன் பிரபல ஸ்பின்னருக்கு ஓர் அந்துப்பூச்சியின் பெயர். மற்ற நாலும் பெயரில்லாத மலிவுச் சாமான். மீனுக்கு வித்தியாசம் தெரிகிறதோ இல்லையோ, எங்களுக்குத் தெரிகிறது. மெப்ஸின் தகடு மெதுவாக இழுத்தாலும் உடனே சுழலும். மலிவுச் சாமான் சிலநேரம் தூங்கிக்கொண்டே வரும், ஒரு வெட்டு வெட்டி எழுப்பவேண்டும். எல்லாவற்றிலும் மூன்று கவர் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டிருக்கிறோம். அந்த முள்ளில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்லையும் குறட்டால் நசுக்கியாயிற்று. மீனின் வாயிலிருந்து கழற்ற லேசு. எங்கள் விரலிலிருந்து கழற்றவும் லேசு.

சாமானைவிட முக்கியம் நடை. ட்ரவுட் எப்போதும் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்கும். சாப்பாடு அந்தப் பக்கமிருந்துதான் மிதந்து வரும். அதனால் அதற்குப் பின்னால் ஒரு குருட்டு இடம் உண்டு. நாங்கள் கீழிருந்து மேலே, ஓடையை எதிர்த்து, குனிந்து போகிறோம். சில இடத்தில் முழங்காலில். சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் நிழல் முன்னால் விழும், நிழல் தண்ணீரில் பட்டால் அந்தக் குழி முடிந்தது, அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் கிடைக்காது. கல்லைத் தட்டிவிட்டாலும் அப்படியே. மீனின் விலாவில் நீளவாட்டில் ஒரு கோடு இருக்கிறது, அதனால் அது அதிர்வை உணரும். மூதூர்க்காரனுக்கு இது பழக இரண்டு பயணம் எடுத்தது. கடலில் படகைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டிப் பழகியவன். "சத்தம் போட்டா மீன் வலைக்குள்ள வரும், இங்க என்னடா ஓடுது" என்பான். தோட்டத்துக்காரன் வாயில் விரலை வைத்துக்கொண்டு அவனை முறைப்பான்.

எங்கே எறிவது? பாறைக்குப் பின்னால் தண்ணீர் சோம்பிக் கிடக்கும் இடம். வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசிக்கொண்டு போகும் கோடு. கரை உள்ளே குடைந்து, மேலே புல் தொங்கும் இருட்டு. சின்ன விழுச்சிக்குக் கீழே நுரை போடும் குழி. மீன் வேகத் தண்ணீரில் நின்று சக்தியைச் செலவழிக்காது. மந்தத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் வேகத்தில் வரும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துத் திரும்ப வந்துவிடும். இது விளங்கினால் ஓடையில் பத்தில் ஒரு பங்கு இடத்தில்தான் மீன் இருக்கும் என்பதும் விளங்கும். மற்ற ஒன்பது பங்கையும் நடந்து கடக்கலாம்.

கோலைத் தலைக்குமேல் ஓங்க இடம் இல்லை. பின்னால் தேயிலை, மேலே சவுக்கு, பக்கத்தில் மானா புல். கையை மடக்கி, மணிக்கட்டால் கீழிருந்து ஒரு சுண்டு. மிக நெருக்கமான இடத்தில் ஸ்பின்னரை விரலால் பிடித்து, கோலை வில்லு மாதிரி வளைத்து விடுவோம். இதில் யாழ்ப்பாணத்துக்காரிதான் கெட்டிக்காரி. சும்மா சொல்லக்கூடாது, தொங்குகிற புல்லுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளிக்குள் போடுவாள். தண்ணீருக்கு எதிராக எறிவதால் ஸ்பின்னர் எங்களை நோக்கித் தண்ணீரோடு சேர்ந்து வரும். தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் தகடு சுழலும். அந்தச் சுழற்சி கோலின் நுனிவழியாக உள்ளங்கைக்கு வருகிறது, ஒரு சின்ன வண்டைக் கைக்குள் பொத்தி வைத்த மாதிரி. அது திடீரென்று நின்றால் ஒன்றில் கல், இல்லாவிட்டால் மீன்.

மீன் என்றால் சந்தேகம் ஒரு கணத்துக்குமேல் இருக்காது. ஒரு சாண் நீள மீன்தான். ஆனால் கோல் பாதிவரை வளையும். ரீலில் ஒரு திருகு உண்டு. அதை இளக்கமாக வைத்தால் மீன் இழுக்க இழுக்கத் தங்கூசி தானாக விட்டுக்கொடுக்கும். நூல் தாங்கும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறுக்கக்கூடாது. மீன் பாயும், தண்ணீருக்குமேல் எழும்பித் தலையை உதறும், பாறைக்கடியில் புகப் பார்க்கும். இந்த இருபது முப்பது வினாடிக்காகத்தான் இவ்வளவு மெல்லிய சாமான். கனமான கோலில் இதே மீனைச் சும்மா தூக்கிக் கரையில் போடலாம், மீன் வந்ததே தெரியாது.

கையை நனைத்துவிட்டுத்தான் தொடவேண்டும். காய்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, முதுகிலும் வாலிலும் கரும்புள்ளி. முதல் மீனைப் பார்த்தபோது மூதூர்க்காரனும் பகிடியை விட்டுவிட்டான். "வடிவாத்தான் இருக்கு" என்றான்.

ட்ரவுட் உலகத்தில் ஒரு சாதிப் பிரிவும் உண்டு என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சியால் பிடிக்கிறவர்கள் மேலே. ஸ்பின்னர்காரர்கள் கீழே. புழு கோர்க்கிறவர்கள் அதற்கும் கீழே. ஸ்பின்னருக்கு இடம் கொடுக்காத ஆறுகள் இன்றைக்கும் பல நாடுகளில் இருக்கின்றன. சில இடங்களில் அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம், மீன் ஸ்பின்னரை ஆழமாக விழுங்கிக் காயப்படும் என்பார்கள். ஆனால் நாங்கள் வாசித்த வெள்ளைக்காரரின் எழுத்து பலவற்றில் காயத்தைவிடக் கௌரவம்தான் தூக்கலாக இருந்தது. போலிப் பூச்சி எறியப் பின்னால் திறந்த வெளி வேண்டும், பழக வருசங்கள் வேண்டும், அதற்கு ஓய்வு நேரம் வேண்டும். புதருக்குள் குனிந்து நிற்கிறவனுக்கு இந்த இரண்டரை கிராம் தகடு போதும். நாங்கள் கீழ்ச்சாதியாகவே இருந்துவிட்டுப் போகிறோம்.

மலிவான விளையாட்டு என்று சொல்லவும் வராது. நல்ல ஸ்பின்னர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால், 2024இல் 1,350 ரூபாவாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தைவிடக் கூட முடியும். மாமா தந்த கோல் இல்லாவிட்டால் நாங்கள் இதைத் தொடங்கியிருக்கவே மாட்டோம். அதனால் ஸ்பின்னர் வேரில் சிக்கினால் நூலை அறுப்பதில்லை. ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி எடுப்போம். அந்தக் குழியில் மீன் கலைந்துவிடும், பரவாயில்லை. மேலே மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார் நின்று பார்த்து, "மீனுக்காகவாப்பா இப்புடி நனையிறீங்க, பெட்டிக்கடையில டின்மீன் விக்கிறாங்களே" என்று கேட்பார்கள்.

அடுத்தது, பிடித்த மீனை என்ன செய்வது என்பது. இதில் எங்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. இன்றுவரை இல்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் மீனைப் பத்திரமாகத் திரும்ப விடுகிறார்கள். தொடக்கத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம், பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு. ஒரு நாள் ஒரு மீன் முள்ளை ஆழமாக விழுங்கியதால் செத்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரி அதைக் கல்லில் வைத்து, பேனாக் கத்தியால் வயிற்றைக் கீறினாள். உள்ளே பூச்சிப் புழுக்கள், சிறு கல்லால் கூடு கட்டி அதற்குள் வாழும் புழுக்கள் கூட்டோடு, இரண்டு வண்டு, ஒரு குட்டி நண்டின் கால். இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அந்தக் கால் எந்த இனத்துடையது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. சதையைப் பார்த்தோம், வெளிறிய செம்மஞ்சள். அந்த நிறம் மீனுக்குப் பிறப்பில் வருவதில்லை. இறால், நண்டு மாதிரி ஓடுள்ள பிராணிகளைத் தின்பதால் ஏறுவது.

அப்போதுதான் அவள் ஹோட்டன் சமவெளி இறாலைப் பற்றிச் சொன்னாள். கரிடினா சிங்கலென்சிஸ் என்று பெயர். விரல் நுனியளவு. அந்தச் சமவெளியின் குளிர் ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தது 1894இல். ஓடையில் என்ன இருக்கிறது என்று எழுதி முடிப்பதற்குள்ளேயே அதைத் தின்கிற மீனை உள்ளே விட்டாயிற்று. ட்ரவுட் இல்லாத காலத்தில் அந்த இறாலுக்கு இப்படி ஒரு பெரிய வாயைத் தெரிந்திருக்காது.

"நீங்க முத்தம் குடுத்து விடுற ஒவ்வொரு மீனும் திரும்பிப்போய் எங்கட நண்டைத்தான் தின்னும். பிடிச்சா பிடிச்சதுதான், சட்டிக்குப் போடுங்கோ" என்பது அவளுடைய நிலைப்பாடு. விலங்கியல்காரி சொல்வதில் பிழை பிடிக்க முடியாது.

மூதூர்க்காரன் வேறு வழியாக வந்து அதே இடத்தில் நிற்கிறான். வாயில் முள்ளைக் குத்தி, இழுத்து, போட்டோ எடுத்து, திரும்ப விடுகிறது அவனுக்கு அருவருப்பு. "பசிக்குப் பிடிக்கிறது ஒண்டு. விளையாட்டுக்கு வதைக்கிறது வேறொண்டு. சாச்சாக்கிட்ட இதச் சொன்னா என்னை வீட்டுக்க எடுக்க மாட்டார்" என்கிறான்.

தோட்டத்துக்காரன்தான் ஒத்துக்கொள்வதில்லை. அவன் சொல்வது இது. இந்த ஓடையை யாரும் கவனிப்பதில்லை. மேலே காட்டைத் துப்புரவாக்கி லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. மருந்தடித்த டாங்கியை ஓடையிலேயே கழுவுகிறார்கள். அதே தண்ணீரைக் குழாய் போட்டுத்தான் கீழே லயத்துக்கு எடுக்கிறார்கள், குடிக்க. ட்ரவுட் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும். அது செத்தால் நாலு பேருக்குத் தெரியும். பூச்சியும் இறாலும் செத்தால் ஒருவருக்கும் தெரியாது. "ஐந்து வருசத்துக்கு அப்புறம் இந்த ஆத்துல மீன் இருக்கான்னு பாக்கவாவது யாராவது வருவாங்கல்ல? மீனே இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் வருவீங்களா?" என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. வந்திருக்க மாட்டோம்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்காரி ஒரு வெப்பமானியும் கொப்பியும் கொண்டுவரத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் மூன்று இடத்தில் தண்ணீரின் வெப்பநிலையை எழுதுகிறோம். ஜனவரி விடியற்காலையில் 13 பாகை வந்திருக்கிறது, மார்ச் மத்தியானத்தில் 19. இருபதைத் தாண்டினால் ட்ரவுட்டுக்கு மூச்சுமுட்டத் தொடங்கும், தண்ணீர் சூடாகச் சூடாக அதிலுள்ள ஒட்சிசன் குறையும். 19 வந்த அன்று கோலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. தூண்டில் போடாமல் ஓடை நெடுகப் போனோம். மேலே மரம் நிற்கும் துண்டில் 16, மரத்தை வெட்டிய துண்டில் 19. நடுவில் நடக்கப் பத்து நிமிடம்கூட இல்லை. கொப்பியை யாரிடம் காட்டுவது என்று இன்னும் முடிவில்லை. தோட்டத்திலா, பிரதேச சபையிலா. லயத்துக்குக் குழாய் போகிற இடத்தையும் அதில் குறித்து வைத்திருக்கிறோம்.

இப்போதைக்கு நடைமுறை இதுதான். பிடிப்பதைக் கொண்டுபோகிறோம், ஒரு பயணத்துக்கு மூன்றுக்குமேல் பிடிப்பதில்லை, ஆளுக்கொன்று ஆனதும் கோலை மடக்கிவிடுகிறோம். விலங்கியல்காரிக்கு மூன்று காணாது. தோட்டத்துக்காரனுக்கு மூன்று கூட. மூதூர்க்காரனுக்கு, சமைக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பதால், தொகையைப் பற்றிக் கவலை இல்லை. மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய், தேங்காய் எண்ணெயில் மொறுமொறு என்று பொரிப்பான். வேறு எந்த முறையும் இந்த மீனுக்குச் சரிவராது என்பது அவனுடைய தீர்ப்பு. நோர்வேக்காரர் இதே குடும்பத்து மீனை உப்புப்போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்துச் சமைக்காமலே தின்பார்கள் என்று மாமா சொன்னதைக் கேட்டு, அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒருமுறை மூன்றில் பெரியதைத் தாத்தாவுக்குக் கொண்டுபோனோம். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே பிடித்தோம் என்று கேட்டார். இடத்தைச் சொன்னதும், "கவ்வாத்துக் கத்தி தீட்டுற பாறைக்கு மேல இருக்கிற குழியா? அதுல எப்பவும் ஒண்ணு நிக்கும்" என்றார். அந்தப் பாறைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது பேரனுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு குழியாகக் கேட்டோம். கல்தொட்டி, சாமிக்கல், கங்காணி வழுக்கின இடம். யாழ்ப்பாணத்துக்காரி எல்லாவற்றையும் கொப்பியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். கங்காணி எப்படி வழுக்கினார் என்ற கதைக்கு மட்டும் அரை மணித்தியாலம் போனது.

மூதூர்க்காரன் அங்கேயே விறகடுப்பில் பொரித்துக் கொடுத்தான். தாத்தா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார். முள்ளை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுக்காடா அந்த ஆட்டம் ஆடினாங்க?" என்றார். இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டு, "நெத்தலிக் கருவாடு இதைவிட நல்லா இருக்கும்" என்றார். ஆனால் மீனை மிச்சம் வைக்கவில்லை.